பழைய பாய்ப்படகு வாங்குவது பற்றி

பாய்ப்படகு வாங்குவது, அதிலும் யாரோ ஓட்டித் தீர்த்த பழைய படகை வாங்குவது, இந்தப் பத்திரிகையின் பக்கங்களுக்கு உரிய விஷயமா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். மொத்த வாசகர்களே முந்நூறு பேர் எனும்போது பத்து என்பது கணிசமான எண்ணிக்கை. அவர்களுக்குச் சமாதானமாக ஒன்று சொல்லிவைக்கிறேன். இதில் கவிதையும் கொஞ்சம் வரும். ஆனால் முதலில் படகு.

நான் பார்த்து விலை பேசியது லேசர் என்ற வகை. 2019லிருந்து அதன் முறையான பெயர் ஐ.எல்.சி.ஏ.; வணிகப் பெயர் குறித்த தகராறில் வந்த மாற்றம். ஓட்டுகிறவர்கள் வாயில் இன்னும் லேசர்தான். நீளம் 4.23 மீட்டர். வெறும் உடல் 59 கிலோ. ஒரே பாய், ஒரே ஆள். சின்ன டிரெய்லரிலோ காரின் கூரைமேலோ வைத்து எங்கும் எடுத்துப் போகலாம். எஞ்சின் கிடையாது, படுக்க இடம் கிடையாது. உட்காரவும் சரியான இடம் கிடையாது என்பதுதான் உண்மை. காற்று வலுக்கும்போது விளிம்பில் உட்கார்ந்து, நடுவில் ஓடும் ஒரு பட்டைக்குக் கீழே பாதங்களைக் கொடுத்து, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலாக வெளியே சாய்க்க வேண்டும். தொடையும் வயிறும் நடுங்கும். அப்படிச் சாய்ந்துகொண்டிருக்கையில் ஒரு கட்டத்தில் படகு நீரைப் பிளப்பதை விட்டுவிட்டு நீரின்மேல் வழுக்க ஆரம்பிக்கிறது. அந்த வழுக்கலுக்காகத்தான் இத்தனையும்.

இதன் பிறப்பு பத்திரிகைக்காரர்களுக்குச் சுவாரசியமானது. 1969ல் கனடாவில் இயன் புரூஸ் என்பவர், காரின்மேல் கட்டி எடுத்துப் போகிற மாதிரி மலிவான படகு ஒன்று வேண்டும் என்று தொலைபேசியில் கேட்க, மறுமுனையில் இருந்த புரூஸ் கெர்பி பேசிக்கொண்டே காகிதத்தில் கோடு கிழித்தாராம். கெர்பி அப்போது பாய்ப்படகுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். அந்தக் கிறுக்கலிலிருந்து உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் பிறந்துவிட்டன. 1996லிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. இந்த ஊர்க்காரரான நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2024ல் பாரிஸிலும் ஓட்டியது இதே உடல்தான், சற்றுச் சிறிய பாயுடன். பத்திரிகை ஆசிரியர்கள் தொலைபேசியில் பேசும்போது கிறுக்குவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். நம் ஆசிரியரின் கிறுக்கல்களிலிருந்து இதுவரை எதுவும் மிதந்ததாகத் தெரியவில்லை.

போட்டியில் ஓடும் லேசர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இஷ்டத்துக்கு எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. ஆகவே ஒரு பழைய லேசருக்கும் இன்னொரு பழைய லேசருக்கும் உள்ள வித்தியாசம் அதன் விறைப்பில்தான் இருக்கிறது. கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய உடல், அலை மோதி மோதி, ஓட்டுகிறவரின் முழங்கால் அழுத்தி அழுத்தி, நாளடைவில் தளர்ந்துபோகிறது. கண்ணுக்குத் தெரியாது. மெருகு போட்டால் புதிது மாதிரி மின்னும். போட்டிக்காரர்கள் தளர்ச்சியைத் தொடையில் உணர்ந்து சில வருஷங்களில் தள்ளிவிடுகிறார்கள். தள்ளிய படகு போட்டிக்குப் போகாதவனுக்கு மேலும் பல வருஷம் உழைக்கும். உருவம் ஒன்றாகவே இருக்க, உள்ளே என்ன ஆயிற்று என்பதை வைத்து மதிப்பிட வேண்டிய பொருள். இதை நாம் வேறு ஒரு துறையில் நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, ஏன் என்ற கேள்வி. நான் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால். வீட்டிலிருந்து கடல் இருபது நிமிஷ நடை. எங்கள் வீட்டில் கடல் என்பது அமாவாசைத் தர்ப்பணம், சாயங்காலக் காற்று, காணும் பொங்கல் கூட்டம், கடைசியில் ஒரு சின்ன மண்கலயம். நான்கு தலைமுறையில் யாரும் இடுப்பளவு ஆழத்துக்கு மேல் போனதில்லை. பெரியப்பா ஒருவர் கடலைப் பற்றி நிறையப் பேசுவார். அவர் செருப்பைக்கூடக் கழற்றியதில்லை.

நம் புதுக்கவிதையின் கடலும் எங்கள் வீட்டுக் கடல்தான் என்பது என் அபிப்பிராயம். ஒருவன் மணலில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே கடல். அது முடிவின்மையைக் குறிக்கிறது, அல்லது மரணத்தை, அல்லது மனத்தை, இப்போதெல்லாம் உடலை. அலை வந்துகொண்டே இருக்கிறது. அவன் எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறுகிறான். இந்தக் கடலுக்குத் திசை இல்லை, பருவம் இல்லை, நீரோட்டம் இல்லை. காற்று உண்டு, ஆனால் அது எங்கிருந்து வீசுகிறது என்று கவிஞனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால் அவன் உட்கார்ந்திருக்கும் அந்த அகன்ற மணற்பரப்பே பெரும்பாலும் துறைமுகம் கட்டியதால் சேர்ந்தது. தெற்கிலிருந்து வரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது, மெரினா விரிந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போயிற்று. நம் முடிவின்மையின் பார்வையாளர் மாடம் பொறியியல் வேலையின் பக்கவிளைவு.

பழசுக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். போனவனைப் பற்றி நிற்பவள் படும் துயரம். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவிதையும் நிற்கிற இடம் கரை. வலையும் சுறாவும் திமிலும் வருகின்றன, கரையிலிருந்து தெரிகிற அளவுக்கு. உரைநடையில் நிலைமை சற்றுத் தேவலை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977ல் வந்தது. வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கும் சண்டை அதில் கதையின் எலும்பு. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004ல் வந்தபோதுதான் தமிழ் நாவல் நெடுநேரம் கரை கண்ணில் படாமல் இருந்தது. அதைப் படித்த நம் நண்பர்களில் பலர் சொன்ன முதல் புகார், வட்டாரச் சொல் அதிகம், அடிக்குறிப்பு பார்த்தே கை வலிக்கிறது என்பது. கையைத் தவிர வேறெதுவும் வலிக்காத இடத்தில் இருந்துகொண்டு சொன்ன புகார்.

கவிஞர்கள் எல்லாரும் படகு வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் பணம் இல்லை என்பது ஒரு காரணம்.

நான் சொல்ல வருவது வேறு. இந்தக் கரையில் பாய் என்ற பொருள் கைமாறிவிட்டது. 1697ல் அச்சான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் பார்த்த மிதவைகளை அவற்றின் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், ஊர் சுற்றி, இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்குப் பெயராக இருக்கிறது. நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் என்ன, ஓர் உடல்கூடக் கிடையாது. இலகுவான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அலை அதன் ஊடே புகுந்து வெளியேறும். அதில் முக்கோணப் பாய் கட்டி, இந்த ஊர்க் குப்பங்களிலிருந்து காற்றை நம்பிப் போய்க் காற்றை நம்பித் திரும்பினார்கள். 1979ல் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அலை மோதும் மணற்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய படகுகளை வடிவமைக்க அது 1980களில் முயன்றது. அதன் அலுவலகம் அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் ரோட்டில் இருந்தது. என் பள்ளிக்கூட வழி. பிறகு கண்ணாடியிழைப் படகுகளும் மோட்டாரும் பெருகின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்தவையும் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். இன்று ஊரூர் குப்பத்திலோ நொச்சிக்குப்பத்திலோ பாய் விரித்து மீனுக்குப் போகிற படகு என் கண்ணில் படுவதில்லை. இதில் துக்கப்பட எனக்கு உரிமை இல்லை. காற்று விழுந்த நாளில் நடுக்கடலில் துடுப்புப் போட்டவன் மோட்டாரை வரவேற்றதைப் பற்றி, ஏ.சி. அறையில் நகைக்கடன் ரசீது எழுதுகிற நான் கண்ணீர் விடுவது அசிங்கம்.

ஆனால் பாய் ஒழிந்துபோகவில்லை. வடக்கே நாலைந்து மைல் தள்ளி, துறைமுகச் சுவருக்குள் இருக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911ல், துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது. துறைமுகச் சுவர் அலையை வெளியே நிறுத்தியது. உள்ளே கிடைத்த அடங்கிய தண்ணீரில் துரைமார் பாய் விரித்தார்கள். லேசருக்கும் அந்த அடங்கிய தண்ணீர்தான் வேண்டும். பெசன்ட் நகர் கரையில் உடைகிற அலையில் அதை இறக்கினால் பாய்மரம் மணலில் குத்தி வளைந்துவிடும். ஆகவே இன்றும் பாய்ப்படகுக்காரன் காவலர்களிடம் நுழைவுச் சீட்டைக் காட்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து, கடலுக்குப் போகிறான். தேவைக்காகப் பாய் கட்டியவர்களிடமிருந்து, தேவையே இல்லாமல் கட்டுகிறவர்களிடம் அது வந்து சேர நாற்பது வருஷம் போதுமானதாக இருந்திருக்கிறது.

சொற்களும் அப்படியே கைமாறியிருக்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் சனி ஞாயிறுகளில் நான் ஓட்டப் பழகியபோது, சொல்லிக்கொடுத்தவர், கற்றுக்கொண்டவர்கள், படகைத் தூக்கிவிட்ட பையன்கள் எல்லாருமே தமிழ் பேசுகிறவர்கள். படகில் காலை வைத்ததும் மெயின்ஷீட், பூம், டாகர்போர்டு, வாங். பி.ஏ. ஆங்கிலம் படித்தவன் என்ற முறையில் ஷீட் என்றால் துணி அல்ல, கயிறு என்பது எனக்குத் தெரிந்திருந்தது. என் பட்டப்படிப்பு இதுவரை எனக்குச் செய்த நேரடி உதவி அதுதான். தமிழில் தாமான் என்று ஒரு சொல் இருக்கிறது, பாயின் கீழ்முனைக் கயிற்றுக்கு. பாயைத் தாங்கும் குறுக்குக் கழிக்குப் பருமல். அகராதியிலும் டி குருஸின் நாவலிலும் இருக்கும் சொற்கள். துறைமுகத்தில் ஒருநாள் நான் தாமானை இழு என்று சொல்லிப் பார்த்தேன். பையன் சிரித்தான். அவன் அப்பா காசிமேட்டில் மீன்பிடிக்கிறவர்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பத்திரிகைகளில் யாரும் சொல்வதில்லை. என்னிடம் ஒரு லட்சத்துச் சொச்சம் இருந்தது. விமர்சனக் கட்டுரைகளைத் தொகுத்து முந்நூறு பிரதி போடவும், மிச்சத்தில் காலமான ஒரு நண்பரின் கவிதைகளைக் கொண்டுவரவும் ஐந்து வருஷம் சேர்த்தது. கவிதைகளுக்கு உரியதை எடுத்துத் தனியாக வைத்தேன். அதைத் தொடுவதில்லை என்று முதலிலேயே தீர்மானம். என் கட்டுரைகள் விஷயம் வேறு. அவை ஏற்கனவே இங்கே அச்சாகி, படிக்க வேண்டியவர்கள் படித்து, கோபித்துக்கொள்ள வேண்டியவர்கள் கோபித்தும் ஆயிற்று. பைண்டு செய்தால் புதிதாக யாரும் கோபிக்கப் போவதில்லை. பற்றாக்குறைக்குச் சேமநிதியில் முன்பணம் எடுக்கலாம். படகை ஈடாகக் காட்டிக் கடன் வாங்க முடியாது. மீன்பிடிப் படகுக்காவது ஐ.என்.டி. டி.என். என்று தொடங்கும் பதிவெண் உண்டு. இதற்கு ஊர் பேர் தெரியும்படி ஒரு தாளும் கிடையாது. என் மனைவி இதை வேறு விதமாகச் சொன்னாள். “அந்தப் பணத்துக்கு உஸ்மான் ரோட்டுல நகை வாங்கினா, கஷ்டகாலத்துல உங்க பாங்க்லயே அடகு வெக்கலாம். படகை எவன் அடகு பிடிப்பான்?” வங்கித் தொழிலின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே போனேன்.

படகு அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில், தார்ப்பாயின் கீழ் கவிழ்த்துப் போட்டிருந்தது. ஓட்டிய மகன் அமெரிக்காவில். விற்கிற தகப்பனார் ஓய்வுபெற்ற பொறியாளர். நிதானமான மனிதர், ஒவ்வொரு போட்டிக்கும் போன தேதி எழுதிய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். கேட்டது ஒரு லட்சத்து முப்பதாயிரம். நான் தனியாகப் போகவில்லை. எங்கள் கிளைக்கு நகைக்கடனுக்கு வருகிற ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியவர். இளமையில் மரம் ஓட்டியவர் (அவர்கள் கட்டுமரம் என்று சொல்வதில்லை, மரம்தான்). சுனாமிக்குப் பிறகு, அடிபட்ட ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை செய்தவர். மகன் படகின் மோட்டார் பழுதாகும்போதெல்லாம் மருமகளின் சங்கிலி எங்கள் இரும்புப் பெட்டிக்குள் வரும். அந்தச் சங்கிலியின் எடை எனக்கு மனப்பாடம்.

தார்ப்பாயை விலக்கியதும் அவர் படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“இன்னா சார் இது, மோட்டார் எங்க மாட்டுவீங்க?”

“மோட்டார் இல்லீங்க ஐயா. பாய் மட்டும்தான்.”

“மீனு எங்க போடுவீங்க?”

“மீன் பிடிக்கிறதுக்கு இல்லை.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப லேசா கீறது நல்லதுதான்” என்றார். அதற்குப் பிறகு படகின் உபயோகத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம் விமர்சகர்களிடம் நான் எதிர்பார்த்து ஏமாந்த குணம் அது. இது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுக்கொண்டு, அந்த அளவிலேயே அதைச் சோதிக்க இறங்கினார்.

விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார், வைத்தியர் முதுகைத் தட்டுவது மாதிரி. இறுகின இடத்தில் சத்தம் ணங்கென்று வருகிறது; தளர்ந்த இடத்தில் அட்டையைத் தட்டினது போல அமுங்குகிறது. உட்காரும் பள்ளத்தின் வலதுபக்க ஓரத்தில் நின்றார். “இங்க சத்தம் செத்துப் பூட்ச்சு” என்றார். மகன் எப்போதும் வலதுகாலை அழுத்தித்தான் திரும்புவான் என்று பொறியாளர் சொன்னார். மேல்தளமும் அடிப்பாகமும் ஒட்டுகிற விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே முழுச் சுற்று வந்தார், பிரிவு இல்லை. பாய்மரத்தை நான் பார்த்தேன். இரண்டு துண்டு அலுமினியக் குழாய், ஒன்றுக்குள் ஒன்று செருகுவது. மேல்துண்டு வளைந்திருக்கிறதா என்று தரையில் உருட்டிப் பார்க்க வேண்டும். ரிவெட் அடித்த இடத்தில் உப்பு அரித்திருந்தால் என்றாவது பலத்த காற்றில் அங்கேதான் முறியும். அரிப்பு லேசாக இருந்தது. பாய் இரண்டு. ஒன்று தேவலை, உதறினால் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி சலசலத்தது. இன்னொன்று பலநாள் துவைத்த துணியாகத் துவண்டு கிடந்தது. இந்தப் பாயைக் கொடி ஏற்றுவது போல் கயிறு இழுத்து ஏற்றுவதில்லை. அதன் ஓரத்தில் உறை தைத்திருக்கிறது. தலையணைக்கு உறை போடுவது போல மரத்தின்மேல் அதை மாட்டி, மரத்தோடு சேர்த்து நட வேண்டும். பெரியவர் இதை இரண்டு தரம் செய்யச் சொல்லிப் பார்த்தார். நடுவில் செருகுகிற பலகையைக் கையில் எடுத்தபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. காற்று பக்கத்தில் அடிக்கும்போது படகு ஒதுங்கிப் போகாமல் பிடிப்பதற்கான பலகை. “இது எங்க மரத்துலயும் உண்டு சார். சந்துல செருகுவோம்.” பாயின் கயிற்றுக்கு என்ன பேர் என்று கேட்டேன். தாமான் என்று சொன்னால் தெரியுமா? “தெக்கத்தி ஆளுங்க சொல்லுவாங்க. நாங்க கவுறுன்னுதான் சொல்றது.” என் அகராதி ஞானம் அங்கே முடிந்தது.

கடைசிச் சோதனை பாய்மரம் நிற்கும் குழிக்கு. லேசருக்குப் பக்கக் கம்பிகள் கிடையாது. பாயின் பாரம் முழுவதும் அந்த ஒரு குழியில் இறங்குகிறது. அதன் அடியில் விரிசல் விட்டால் தண்ணீர் படகின் மூடிய வயிற்றுக்குள் கசியும். ஒருநாள் மரம் பிடுங்கிக்கொண்டு மேல்தளத்தையும் கிழித்துவிடும். குழியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அரைமணி நேரம் காத்திருந்து, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொறியாளர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஊற்றிவிட்டு மூன்று பேரும் போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தோம். உள்ளிருந்து காபி வந்தது.

அந்த அரைமணியில்தான் பெரியவர் மரத்தைப் பற்றிச் சொன்னார். கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். ஊறின மரம் பாரம் கூடும், ஓடாது. மறுநாள் விடியுமுன் திரும்பக் கட்டுவார்கள். தினமும் பிரித்துத் தினமும் கட்டியது. ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று பொறியாளர் கேட்டார், எதிரே இருக்கிற செம்பை நினைத்துக்கொண்டுதானோ என்னவோ.

“மரத்துக்கு ஏது சார் ஓட்டை? எல்லாமே ஓட்டைதான்.”

அவர் இதைப் பழமொழி மாதிரிச் சொல்லவில்லை. பொறியாளருக்குத் தகவலாகச் சொன்னார். ஆனால் எனக்கு அந்தப் படகின் விசித்திரம் அப்போதுதான் முழுசாகப் பட்டது. லேசருக்கு ஓர் உள் இருக்கிறது. யாரும் பார்க்கக் கூடாத, ஒரு சொட்டும் நுழையக் கூடாத, இருட்டான உள். அதைக் காப்பாற்றுவதிலேயே அதன் ஆயுள் போகிறது. விலையும் அதைப் பொறுத்துத்தான். மரத்துக்கு உள் என்பதே இல்லை. கடல் அதன் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. இரண்டும் பாய் விரித்து, பலகை செருகி, ஒரே காற்றில் ஓடியவைதான். இதை வைத்து நம் அகக்கவிதைக்காரர்கள் மேல் ஒரு கட்டுரை எழுதலாம் என்று தோன்றியது. எழுதப் போவதில்லை. உவமை கிடைத்துவிட்டது என்பதற்காக விமர்சனம் எழுதுகிற வழக்கத்தைப் பற்றி இங்கேயே நான் முன்பு புகார் செய்திருக்கிறேன்.

அரைமணி கழித்துப் பார்த்தபோது தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வெயிலில் வற்றியது அல்ல, நிழலில்தான் இருந்தது. பொறியாளர் குனிந்து பார்த்தார், மறுக்கவில்லை. பெரியவர் மேல்தளத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இங்கே கை நுழைகிற அளவுக்கு வட்டமாக அறுத்து, உள்ளே காயவைத்து, குழியைச் சுற்றி இழைத்துணி இரண்டு சுற்று, ரெசின், பிறகு மூடி ஒன்று. செத்த ஓரத்துக்கும் உள்ளிருந்தே ஒட்டு. இரண்டு நாள் வேலை. மழைக்கு முன்னால் செய்ய வேண்டும். “அப்பால நல்லா உழைக்கும்.” விலை பேச்சு அதிக நேரம் எடுக்கவில்லை. எண்பத்தெட்டாயிரத்தில் முடிந்தது. ரசீதில் என்ன எழுதுவது என்று பொறியாளர் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். தினமும் சொத்து விவரம் எழுதுகிறவன் என்பதால் என்னைப் பார்த்தார். பாய்ப்படகு ஒன்று, பாய் இரண்டு, பாய்மரம் இரண்டு துண்டு, பலகை ஒன்று, சுக்கான் ஒன்று என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் தமிழ் இருந்தது. அவர் லேசர் என்று தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதி அடிக்கோடிட்டார்.

டிரெய்லர் வாங்கவில்லை. அதற்குத் தனிப் பதிவெண் வேண்டும். இழுக்க ஒரு கார் வேண்டும். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். குட்டி யானையில் ஏற்றி, பின்னால் இரண்டு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்த பகுதிக்குச் சிவப்புத் துணி கட்டி, ஊரூர் குப்பத்துக்குக் கொண்டுபோனோம். பெரியவரின் மகன் படகுக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது வாழைப்பட்டை மாதிரி இருந்தது. குழந்தைகள் தூக்கிப் பார்த்தார்கள், தூக்கவும் முடிந்தது. ஒட்டு வேலைக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, துவண்ட பாயைத் தர முடியுமா என்றார் பெரியவர். கூலியையும் கொடுத்துப் பாயையும் கொடுத்தேன். அதை வலை சரிசெய்கிற இடத்தில் நான்கு மூங்கிலில் கட்டியிருக்கிறார்கள். ஏழு சதுர மீட்டர் நிழல். போட்டி எண் தலைகீழாகத் தெரிகிறது.

ஒட்டு இறுகிவிட்டது. குழியில் மறுபடி தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் பார்த்தோம், இறங்கவில்லை. புதிய ரிவெட்டுகள் அடித்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போகிறது. நீங்களும் வந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நுழைவுச் சீட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன் பெரியவரிடம். விளிம்பில் உட்கார்ந்து காலைப் பட்டைக்குள் கொடுத்துச் சாய வேண்டும் என்பதை அவரே ஒருமுறை மணலில் வைத்துச் செய்து பார்த்திருந்தார்.

“முட்டி மடங்காது சார். நீங்க போயிட்டு வாங்க. வாடை புட்ச்சுட்ச்சா இல்ல இன்னும் கொண்டலான்னு வந்து சொல்லுங்க.”